பூப் பார்க்கப் போன இடத்தில் அக்கா நித்திரை

எங்கள் குடியேற்றத்தில் பூப் பார்ப்பதற்கென்று ஒருவரும் ஒரு நாளும் வீட்டை விட்டுப் புறப்பட்டதில்லை. கோயிலுக்குப் பூப் பறிக்கப் போவார்கள். பாலை பூத்தால் பழம் எப்போது விழும் என்று பேசிக்கொள்வார்கள். வேம்பு பூத்தால் கூட்டி அள்ளி வடகம் போடுவார்கள். மாட்டு வண்டில் கட்டி, சோறும் கட்டிக்கொண்டு, நாலு மைல் காட்டுக்குள் போய்ப் பூவைச் சும்மா பார்த்துவிட்டு வருவதென்பது வேலை இல்லாதவர் செய்கிற காரியம். எங்கள் வாய்க்கால் வரிசையில் வேலை இல்லாதவர் என்று எவரும் இருக்கவில்லை.

ஆகவே 1964ஆம் ஆண்டு பங்குனி மாதம் அம்மா வேலியோரம் நின்று, பிள்ளைகள் மலைப்பக்கம் பூப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று சொன்னவுடனேயே, வரிசையில் இருந்த பதினெட்டு வீட்டுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. வீரகத்தியின் மூத்த மகளை யாரோ பெண் பார்க்க வருகிறார்கள். போதாக்குறைக்கு அம்மா பக்கத்து வீட்டில் சுடுதண்ணீர்ப் போத்தலும் இரவல் கேட்டிருந்தா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் இப்படித்தான்.

அந்த மூத்த மகள் இராசமலர், என் அக்கா. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. நான் கடைக்குட்டி ஜெகதீஸ்வரி. எனக்குப் பதினேழு. வடமராட்சியில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்து, சோதனை எழுதிவிட்டு, மறுமொழி வரும்வரை குடியேற்றத்தில் வந்து நின்றேன். படித்த பிள்ளை என்று ஒரு வேலையும் தரமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் கதையைச் சொல்வதானால் 1954இலிருந்து தொடங்க வேண்டும். வவுனியாவுக்கு அப்பால் காடு வெட்டி, குளம் திருத்தி, அரசாங்கம் காணி கொடுத்த காலம். ஐயாவுக்கு மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக் காணியும் கிடைத்தது. ஊரில் எங்களுக்கு இருந்தது ஒரு வீட்டு வளவும், பங்காளிகளோடு சண்டை பிடிக்க ஒரு கிணறும்தான். ஐந்து ஏக்கர் என்றதும் ஐயா ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லையாம். அண்ணன் யோகநாதனுக்கும் எனக்கும் படிப்பு இருந்தது. எங்களைப் பார்க்க அம்மா ஊரில் நிற்க வேண்டியிருந்தது. ஐயாவுக்குச் சமைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று வீட்டில் இருந்தவள். ஒரு வருஷத்துக்குத்தான் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போனார். பதினேழு வயதுப் பிள்ளை கிடுகுக் கொட்டிலில் நாலு வருஷம் இருந்தாள்.

சமைக்கப் போனவள் முதல் மாதமே கையில் கத்தி எடுத்துவிட்டாள். பற்றை வெட்டினாள், வேர் கிளப்பினாள், வரம்பு கட்டினாள். இரண்டாம் வருஷம் ஐயாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் பாயோடு கிடந்தார். அந்தப் போகம் விதைத்தது, தண்ணீர் கட்டியது, புல்லுப் பிடுங்கியது எல்லாம் அவள்தான். தண்ணீர் முறைக்கு விடும் ஊரில், தன் முறை வருகிற நேரத்துக்கு வாய்க்காலடியில் நிற்காவிட்டால் அடுத்தவன் வயல் குடித்துவிடும். அக்கா மண்வெட்டியோடு போய் நிற்பாள். ஐயா எழும்பிய பிறகும் அந்த வேலைகள் அவளிடமே தங்கிவிட்டன. ஒருமுறை பொறுப்பெடுத்தால் வேலை விட்டுப் போகாது, அது பொறுப்பெடுத்தவருக்குத்தான் தெரியும்.

ஊருக்கு ஐயா மாதம் ஒரு கடிதம் போடுவார். அதில் மழை, நெல், மாடு எல்லாம் வரும். கடைசியில், மலர் சுகமாக இருக்கிறாள், சமையலைக் கவனித்துக்கொள்கிறாள் என்று ஒரு வரி இருக்கும். அம்மா அதை வாசித்துவிட்டு, கெட்டிக்காரி என்று சொல்லுவா. நாலு வருஷத்துக்குப் பிறகு அவ குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்த அன்று அக்காவின் உள்ளங்கையைப் பார்த்து அழுதாவாம்.

யாழ்ப்பாணத்தில் காணி பெண்ணோடு போகும். தகப்பன் வீடு வளவைச் சீதனமாக எழுதிக் கொடுப்பார், மாப்பிள்ளை வந்து ஏறுவார். குடியேற்றக் காணி அப்படி அல்ல. அது அரசாங்கக் காணி, நமக்கு இருப்பது பேமிற் என்கிற அனுமதிப் பத்திரம் மட்டும். பிரிக்க முடியாது, விற்க முடியாது, சீதனமாகத் துண்டு போட்டுக் கொடுக்க முடியாது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று ஒரே ஒருவரின் பெயரைப் பேமிற்றில் எழுதலாம். எங்கள் வரிசையில் எல்லோரும் மகன்மாரின் பெயரை எழுதினார்கள். ஐயாவும் 1959இல் அரசாங்கக் கந்தோருக்குப் போய் அண்ணனின் பெயரை எழுதிவிட்டு வந்தார். அண்ணன் அப்போது கொழும்பில் எழுதுவினைஞர். வருஷத்தில் இரண்டு முறை வருவான், சேற்றில் சப்பாத்துப் படாமல் வரம்பில் நடப்பான், ஒரு மூட்டை அரிசியோடு திரும்புவான்.

அன்று, நான் லீவுக்கு வந்து நின்ற நேரம், அக்கா கேட்டாள். அவள் வாய் திறந்து எதையும் கேட்டது எனக்குத் தெரிய அந்த ஒரு முறைதான். தன் பெயரை எழுத முடியாதா என்று, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த ஐயாவிடம் மெதுவாகக் கேட்டாள். கவண்மேந்து பெண்களின் பெயரை எழுதாது என்றும், தான் கேட்டுப் பார்த்ததாகவும், அவர்கள் மாட்டோம் என்று சொல்லிவிட்டதாகவும் ஐயா சொன்னார். சட்டம் என்றால் என்ன செய்வது? அக்கா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

இப்படிக் காணியும் இல்லை, நகையும் பெரிதாக இல்லை என்ற நிலையில் மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். முதல் இருவரும் காணி எழுத முடியாது என்றதும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்த தாய் பாசமாக அக்காவின் கையைப் பிடித்தா. பிடித்த கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவிப் பார்த்தா. அதோடு சரி. ஒவ்வொரு முறையும் மறுநாள் வரிசை முழுக்க, என்ன முடிவு என்று விசாரித்துக்கொண்டு வரும். இனி ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்று அம்மா சாமி தட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டா.

அப்போதுதான் தரகர் பரமலிங்கம் கனகலிங்கத்தின் பேச்சைக் கொண்டுவந்தார். வவுனியாவில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், முப்பத்துமூன்று வயது, தகப்பன் இல்லை. தாய்க்குக் கொஞ்சம் பட்டணத்து எண்ணம். அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் குடும்பங்கள் பங்குனியில் மலைப்பக்கம் கார் பிடித்துப் போய்க் கொன்றை பார்ப்பதை அவ கண்டிருக்கிறா. அங்கே சந்தித்தால் இரண்டு பகுதிக்கும் மானக்கேடு இல்லை என்பது அவவின் யோசனை. இப்படித்தான் நாங்கள் பூப் பார்க்கப் போனோம்.

மலை என்று நான் சொல்வதைக் கேட்டுக் கண்டிக்காரர் சிரிக்கக்கூடாது. அது காட்டுக்குள் ஒரு கற்பாறை. மூன்று பனையை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் உச்சியைத் தொடலாம். ஆனால் யாழ்ப்பாணத்து மனிதருக்குக் கிணறு வெட்டிக் கொட்டிய மண்ணே மேடு. எங்களுக்கு அது மலைதான். பத்து வருஷமாக அக்கா வயலில் நிமிரும்போதெல்லாம் தெற்கே அது தெரிந்துகொண்டிருந்தது. ஒருநாளும் போனதில்லை.

புறப்பட்ட நாளுக்கு முந்தின நாள்தான் எங்கள் சூடு அடித்து முடிந்தது. வெட்டிய நெல்லைக் குவித்து, மாடு விட்டு மிதித்து, தூற்றி, மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவர ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளும் அக்கா களத்திலேதான் நின்றாள். விடியற்காலையில் அம்மா அவளை எழுப்பித் தலைக்கு வார்த்து, நெல்லுச் சுணை போக மஞ்சள் பூசி, தன்னுடைய ஒரே பட்டுச் சேலையை உடுத்திவிட்டா. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. சாம்பிராணிப் புகையிலாவது கொஞ்சம் தெளியும் என்று அம்மா புகை காட்டினா, கண் இன்னும் சிவந்தது. பூப் பார்க்கப் பட்டுச் சேலை உடுத்திப் போகிறவளைப் பார்க்க வரிசைப் பெண்கள் எல்லோரும் வாசல் கூட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று எங்கள் வரிசையில் கூட்டாத வாசல் இல்லை.

காட்டு வாசலில் ஐயா வண்டிலை நிறுத்தி இறங்கி, காட்டுக்குள் போகிறவர் வழக்கப்படி ஒரு கொப்பை முறித்துப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு வந்தார். அதற்குள் அக்கா வண்டில் தட்டியில் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டாள். சேலை கசங்கப் போகிறது என்று அம்மா நிமிர்த்தி வைத்தா. நிமிர்ந்தபடியே நித்திரை கொண்டாள். வண்டில் குழியில் விழுந்து எழும்பியது, நாங்கள் எல்லாம் துள்ளினோம், அவள் கண் திறக்கவில்லை.

பூ இருந்தது. அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். மலையடியில் ஏழெட்டுக் கொன்றை மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மஞ்சளாகத் தொங்கிக்கொண்டு நின்றன. பாறை வெடிப்புகளில் காட்டு மல்லிகை படர்ந்து வெள்ளையாகக் கிடந்தது. முதல் மழை பெய்து இரண்டு நாள்தான், மண் மணந்தது. பாலைப் பூவில் தேனீ மொய்க்கிற இரைச்சல் தலைக்குமேல் கேட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மா மாப்பிள்ளை பகுதி வந்து இருக்க நிழல் தேடினா. ஐயா, இவ்வளவு நல்ல மண் சும்மா கிடக்கிறது என்றார்.

அக்கா நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு கொன்றை மரத்தடியில் வேரில் சாய்ந்து இருந்தாள். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்து மணிக்கும் வரவில்லை. ஐயா வண்டிப் பாதையைப் பார்க்கப் போனார். அம்மா பணியாரப் பெட்டியை எறும்பிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தா. நான் பாறையில் ஏறி இறங்கி விளையாடிவிட்டு வந்து பார்த்தால், அக்கா காலை நீட்டி, வாய் கொஞ்சம் திறந்தபடி, அடித்துப் போட்டதுபோல் கிடந்தாள். பட்டுச் சேலையெல்லாம் மஞ்சள் இதழ். மெல்லிய குறட்டையும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள்.

ஐயா முன்னால் வந்தார். பின்னால் வெள்ளை வேட்டியும் சேட்டுமாகக் கனகலிங்கம், அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு தாய். கார் பாதை முடிவில் நின்றுவிட, அரை மைல் நடந்து வந்ததில் தாய்க்கு முகம் சரியில்லை. அம்மா பதறிப்போய் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினா. அக்கா அசையவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் குறட்டை விடுவதை எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள்?

கனகலிங்கம்தான் முதலில் பேசினார்.

"எழுப்பாதேங்கோ. பாவம், படுக்கட்டும்."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. நல்ல மனிதர் என்று அப்போதே நினைத்தேன், பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை. தாய்க்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைக்கு ஏதும் வருத்தமா, நோய் நொடியா என்று கேட்டா. வருத்தம் என்ற சொல் ஒரு கலியாணப் பேச்சில் விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடும். வருத்தம் ஒன்றும் இல்லை, சூடு அடித்த களைப்புத்தான் என்று அம்மா உண்மையைச் சொல்லிவிட்டா.

"பொம்பிளைப் பிள்ளை சூடு அடிக்கிறதோ?" என்றா தாய்.

ஐயா உடனே குறுக்கிட்டு, அப்படி இல்லை, சூடு அடித்தவர்களுக்குச் சமைத்துக் கொடுத்த களைப்பு என்றார். வயலுக்கு அவளை இறங்க விடுவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

எல்லோரும் அக்காவிலிருந்து நாலைந்து முழம் தள்ளிப் பாய் விரித்து இருந்தார்கள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் அரிசிக் கூப்பனைப் பற்றியும் பேச்சு நடந்தது. பிறகு தாய் குடையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, தரகர் காணி விஷயம் விளக்கமாகச் சொல்லவில்லை என்று தொடங்கினா. அம்மா தலையைக் குனிந்துகொண்டா. நாலாவது முறையும் இங்கேதான் வந்து நிற்கிறோம் என்று நானும் நினைத்தேன்.

ஐயா தொண்டையைச் செருமினார்.

"காணிக்குப் பிரச்சினை இல்லை அம்மா. பேமிற்றில மகன்ர பேரை வெட்டிப்போட்டு மகளின்ர பேரை எழுதலாம். ஆரின்ர பேரையும் எழுதலாம், ஆம்பிளை பொம்பிளை எண்டில்லை. மகன்ர பேர் எழுதின அண்டைக்கே நான் கந்தோரில கேட்டனான். கலியாணம் சரிவந்தா, அடுத்த கிழமையே போய் எழுதிவிடுறன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். குறட்டை நின்றிருந்தது. கண் திறந்திருந்தது. அவள் எழும்பவில்லை, ஆடவில்லை, மேலே பூவைப் பார்த்தபடி கிடந்தாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. தாய் சந்தோஷமாக நாள் நட்சத்திரம் பேசத் தொடங்கியிருந்தா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பணியாரப் பெட்டியைத் திறந்தா.

அக்கா எழும்பி இருந்து, தலையை அள்ளி முடிந்தாள். சேலையை உதறினாள். நேரே வந்து சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து, நாலு பேருக்கும் தேத்தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். கடைசிப் பேணியை ஐயாவிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு முன்னாலேயே நிலத்தில் இருந்தாள்.

"ஐயா, அஞ்சு வருசத்துக்கு முன்னம் கிணத்தடியில நான் உங்களைக் கேட்டனான். பொம்பிளையளின்ர பேர் எழுதமாட்டினம் எண்டு சொன்னியள்."

ஐயா பேணியைப் பார்த்தார். அது அப்ப, இப்ப வேறை என்று ஏதோ சொல்லப் பார்த்தார்.

"அப்பவும் சட்டம் இதுதானே. இவருக்கெண்டா என்ர பேரை எழுதலாம். எனக்கெண்டா எழுதேலாது."

கோபமாகச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் ஐயாவுக்கு வசதியாக இருந்திருக்கும், அவரும் கத்தியிருப்பார். அவள் களைத்த குரலில், மாட்டுக்கு வைக்கோல் முடிந்துவிட்டது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டா. கனகலிங்கத்தின் தாய், நல்ல காரியம் பேசும்போது பிள்ளைகள் வாய் வைக்கக்கூடாது என்று புத்தி சொன்னா. அக்கா அவவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்களோட எனக்குக் கோவமில்லை. சூடு அடிச்சது நான்தான். பத்து வருசமா நான்தான் அடிக்கிறன். முதலில காணியை எனக்கெண்டு எழுதட்டும். கலியாணத்தைப் பிறகு கதைப்பம்."

கனகலிங்கம், அவ சொல்வதில் பிழையில்லையே அம்மா என்று மெதுவாகச் சொன்னார். தாய் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டா. அவர் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். பணியாரப் பெட்டியில் ஒன்றுகூடக் குறையவில்லை.

நாங்கள் வரிசைக்குள் வரும்போது பெண்கள் பூ எப்படி என்று கேட்டார்கள். நிறையப் பூத்திருக்கிறது என்று நான்தான் பதில் சொன்னேன்.

வருஷப் பிறப்பு முடிந்து நாலாம் நாள் சிறுபோகத்துக்குக் குளத்தைத் திறந்தார்கள். எங்கள் முறை வந்தது. அக்கா படுத்திருந்தாள். ஐயா மண்வெட்டியை எடுத்து வாசலில் சத்தம் வரப் போட்டார். அக்கா மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். மலையிலிருந்து வந்த நாள் தொட்டே அவள் அப்படித்தான் இருந்தாள். எழும்புவாள், குளிப்பாள், அம்மா கொடுப்பதைச் சாப்பிடுவாள், திரும்பப் படுப்பாள். அவள் கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று அம்மா சொன்னா. எனக்கு அவள் களைத்துப்போய்ப் படுத்ததாகத்தான் பட்டது. பத்து வருஷ நித்திரை ஒரு மரத்தடியில் தீர்ந்துவிடுமா?

ஐயாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. தனியே இறங்கினார். முதல் முறையில் பாதி வயலுக்குத்தான் தண்ணீர் பாய்ந்தது. இரண்டாம் முறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அன்றுதான் முதன்முதலாக அந்தச் சேற்றில் கால் வைத்தேன். மத்தியானத்துக்குள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் வந்து உடைந்தது. காலில் அட்டை இரண்டு. இடுப்பை நிமிர்த்த முடியாமல் வரம்பில் இருந்து அழுதேன். வலியில் அழுததாக ஐயா நினைத்தார். என் பாடசாலைக் காசு, சட்டை, புத்தகம் எல்லாம் எந்தக் கையிலிருந்து வந்தது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதற்காகத்தான் அழுதேன். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் என் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய் பூசு, நாளைக்குக் காய்ந்துவிடும் என்றாள்.

அன்று இரவு, விளக்கு வெளிச்சத்தில் கண் தெரியவில்லை என்று ஐயா என்னைக் கொழும்புக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அண்ணனுக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். காணியில் அவனுடைய பெயரை எடுக்கப் போகிறேன் என்று மட்டும் எழுது, காரணம் கேட்டால் நேரில் வந்து ஒரு போகம் செய்து பார்க்கச் சொல் என்றார். நான் அதை அப்படியே எழுதினேன். அண்ணன் வரவில்லை. பதிலாக நாலு பக்கக் கடிதம் வந்தது. ஐயா இரண்டாம் பக்கத்தோடு வாசிப்பதை நிறுத்தச் சொன்னார்.

கனகலிங்கத்தின் கதையையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அவர் தரகர் மூலம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார், தாய் இணங்கவில்லை. வாய் காட்டுகிற பெண் வேண்டாம் என்று அவ ஒற்றைக்காலில் நின்று, அடுத்த ஆவணியில் வேறிடத்தில் முடித்து வைத்தா. அதற்குக் கவலையா என்று அக்காவைக் கேட்டேன். ஓம் என்றாள். அதன் பிறகு அவள் ஒருவரும் பெண் பார்க்க வரச் சம்மதிக்கவில்லை. முப்பது வருஷம் அந்த வயலில் கமம் செய்தாள். நான் படித்து ஆசிரியையாகி, கலியாணம் முடித்து, என் பிள்ளைகளை லீவுக்கு அவளிடம் அனுப்புவேன். நெல் மூட்டையும் அனுப்புவாள். அவள் சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்பவர்களுக்கு, களைத்துப்போய் இருந்தாள் என்றுதான் நான் பதில் சொல்வேன். ஆனால் தன்னுடைய காணியில் களைத்தாள்.

காணிக் கந்தோர் இருக்கிற கச்சேரிக்குப் போனது சித்திரை கடைசியில். மூன்று பேரும் காலை பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனோம். பெயரை மாற்றும்போது புதிதாக எழுதப்படுகிறவர் நேரில் நிற்க வேண்டும் என்று அக்காவும், படிவம் வாசிக்க என்று நானும். ஐயா வெள்ளை வேட்டியும் சால்வையுமாக வழி நெடுக யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா பருத்திச் சேலை உடுத்தியிருந்தாள். நன்றாக நித்திரை கொண்ட முகம். அவள் அவ்வளவு வடிவானவள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கந்தோரில் ஒரு இளம் கிளாக்கர் பழைய பேமிற்றை எடுத்து வைத்துக்கொண்டு புதிய படிவத்தை நிரப்பினார். அக்கா முன்னால் நிற்க, அவர் ஐயாவிடமே எல்லாம் கேட்டார். பெயர் என்ன? வயது என்ன? கலியாணம் முடித்தவவா? ஐயா ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். தொழில் என்ன என்று கேட்டதும், கொஞ்சமும் யோசியாமல் சொன்னார்.

"வீட்டில சும்மா இருக்கிறா."

பொல்லாங்குக்குச் சொன்னதல்ல. பத்து வருஷம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்துபோன வசனம். கிளாக்கர் எழுதத் தொடங்கினார். அக்கா மேசைக்குக் கிட்டப் போய்க் கையை ஊன்றினாள்.

"கமம் எண்டு எழுதுங்கோ."

கிளாக்கர் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஐயாவைப் பார்த்தார். பெண்ணின் பேச்சில் எழுதலாமா என்பதுதான் அந்தப் பார்வை. நானும் ஐயாவைப் பார்த்தேன். அவர் மேசையில் ஊன்றியிருந்த அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஓம், அப்படியே எழுதுங்கோ என்று ஐயா சொன்னார். கிளாக்கர் வெட்டிவிட்டு மேலே எழுதினார். பிறகு, எவ்வளவு காலமாகக் கமம் செய்கிறீர்கள் என்று முதன்முறையாக அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

அவள் வாய் திறக்க முன்னம் ஐயா பதில் சொன்னார்.

"காடு வெட்டின நாள் தொட்டு அவதான் செய்யிறா. நான் கூட நிண்டனான்."